மூக்கில் இலை, பெயரில் துரை

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை ஒரு நிமிடம் கழற்றுங்கள். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும். திருப்பிப் பாருங்கள். அட்டையில் மனையடி சாஸ்திரம், கௌரி பஞ்சாங்கம், அதற்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'பல்லி விழும் பலன்'. தலையில் விழுந்தால் இது, இடது தோளில் விழுந்தால் அது, வலது பாதத்தில் விழுந்தால் இன்னொன்று என்று நீளமான பட்டியல்.

பல்லியால் நமக்கு என்ன ஆகும் என்பதை இவ்வளவு கவனமாக அச்சடித்து வைத்திருக்கிறோம். நம்மால் பல்லிக்கு என்ன ஆகும்? அந்தப் பலன் எந்தக் காலண்டரிலும் இல்லை.

பல்லியாவது பரவாயில்லை. சாமி படத்துக்குப் பின்னால் குடியிருப்பதால் அடிக்க யோசிப்போம். அதன் பங்காளி ஓணான் பாடு படு மோசம். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டில் பையன்களுக்குக் கோடை விடுமுறை என்றாலே ஓணான் வேட்டைதான். ஒரு நீளக் குச்சி, நுனியில் சுருக்குக் கண்ணி, அவ்வளவுதான் ஆயுதம். கேட்டால் ராமாயணத்திலிருந்து காரணம் வரும். வெயிலில் தாகத்தோடு வந்த ராமருக்கு அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம். ஓணான் சிறுநீரைக் கொடுத்துவிட்டதாம். எந்த ராமாயணத்தில் இருக்கிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஊர் சொல்லும் கதை.

கதையின் தீர்ப்பு இன்றைக்கும் அமலில் இருக்கிறது பாருங்கள். விருதுநகர் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் ஒரு சரணாலயமே அமைத்தார்கள். ராமர் முதுகில் தடவிக் கொடுத்த அணிலுக்குச் சரணாலயம். ஓணானுக்குச் சுருக்குக் கயிறு!

இன்றைய நம் கதாநாயகர் ஒரு ஓணான். கரிசல் காட்டு ஓணான் அல்ல. பாக் ஜலசந்தியைத் தாண்டி, இலங்கையின் நடுவில், கண்டிக்கும் மாத்தளைக்கும் கிழக்கே போக வேண்டும். கையை மடக்கி முஷ்டியாகப் பிடித்தால் விரல் மொட்டிகள் வரிசையாகப் புடைக்கும் இல்லையா? தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும் ஒரு மலைத்தொடர் அங்கே இருக்கிறது. அதனால் ஆங்கிலேயர்கள் அதற்கு 'நக்கிள்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தும்பறை மலை. மேகம் மரத்தின் மேலேயே படுத்துத் தூங்கும் காடு. பாறையெல்லாம் பாசி, மரமெல்லாம் ஈரம்.

அந்தக் காட்டில், வாலோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஓணான். அதன் மூக்கு நுனியில் சதையாலான ஒரு இலை! கொம்பு மாதிரிக் கூராக இல்லை; தட்டையாக, சின்ன வெற்றிலைக் கொழுந்தை ஒட்டவைத்தது மாதிரி இருக்கும். ஓடியாடி இரை பிடிக்கும் சுறுசுறுப்பெல்லாம் கிடையாது. பக்கத்தில் வரும் பூச்சியை லபக். முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கி, மண்ணைத் தோண்டி, சில முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்ப மரத்துக்கே வந்துவிடும். யார் வம்புக்கும் போகாத பிராணி.

விஞ்ஞானப் பெயர், செரடோஃபோரா டென்னென்டி. முதல் பாதிக்கு அர்த்தம் 'கொம்பு சுமப்பது'. இரண்டாம் பாதி ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர். அவரைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் பேசுவோம். அதற்கு முன் ஒரு விஷயம். உலகத்திலேயே இந்த ஓணான் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும்தான் இருக்கிறது. இலங்கை முழுக்கக்கூட இல்லை. அதே தீவின் அடுத்த மலைக்குப் போனால் ஆள் இல்லை. தீவுக்குள் ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதன் குடும்பமே விசித்திரமானது. சிங்களத்தில் 'கடுஸ்ஸா' என்றால் ஓணான். இவை 'அங் கடுஸ்ஸா', கொம்பு ஓணான்கள். முதல் வகையை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் எட்வர்ட் கிரே 1830-களில் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். அதற்குக் காண்டாமிருகம் மாதிரி நீட்டுக் கொம்பு. 1860-களில் இன்னும் இரண்டு. பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகச் சத்தமே இல்லை. 1998-ல் சிங்கராஜா காட்டின் கிழக்குப் பக்கத்திலிருந்து இரண்டு புதிய வகைகள் வந்தன. 2020-ல் ஆறாவது. ஆறுமே இலங்கையில் மட்டும்தான். கொம்புகூட எல்லோருக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்த சீதனம் அல்ல, இந்தக் குடும்பத்துக்குள்ளேயே தனித்தனியாகப் பல தடவை முளைத்திருக்கிறது என்று 2002-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொன்னது.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது என்ன பெரிய கடலா? அப்புறம் ஏன் இந்தக் கொம்பு ஓணான் நம் பக்கம் வரவே இல்லை?

நியாயமான கேள்வி. சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், உலகத்தின் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 400 அடி வரை கீழே இருந்தது. பாக் ஜலசந்தியோ ஆழமே இல்லாத கடல். ஆக, அன்றைக்கு அங்கே கடல் கிடையாது, தரைதான். யானை நடந்து போயிருக்கலாம், மான் ஓடியிருக்கலாம். இப்படிப் பல தடவை பாலம் திறந்து மூடியிருக்கிறது.

ஆனாலும் மலைக்காட்டு ஜீவராசிகள் பல அந்தப் பாலத்தை உபயோகிக்கவே இல்லை. தவளைகள், நன்னீர் மீன்கள், நண்டுகள் போன்றவற்றை மரபணு ரீதியாக ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இலங்கைக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் தரைவழி இருந்த காலத்திலும் இரண்டு பக்கத்து உயிர்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே இருந்துவிட்டன என்பதுதான் அதன் சாராம்சம்.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். விருதுநகரிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை வழியாக ராமநாதபுரம் போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவது என்ன? சீமைக் கருவேலம், பனை, கண்மாய், வெயில். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், வவுனியாவும் வறண்ட பூமிதான். மேகத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகிய பிராணிக்கு இந்த வெயிலில் ஒரு நாள் தாங்குமா? அதைத் தடுத்து நிறுத்தியது கடல் மட்டும் அல்ல, நம் ஊர் வறட்சியும்தான்.

ஓணானால் கடக்க முடியாத அந்த வறண்ட பூமியை மனிதன் கடந்தான். கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

வருடம் 1815. கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820-களில் கண்டிப் பக்கத்து மலைகளில் காபி போட்டுப் பார்த்தார்கள். நன்றாக வந்தது. லண்டனில் விலையும் நன்றாக இருந்தது. அப்புறம் என்ன? மலை வேண்டும், நிறைய மலை வேண்டும். ஆனால் மலை யாருடையது?

1840-ல் அதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். காடு, தரிசு, யாரும் குடியிருக்காத, பயிரிடாத நிலம் எல்லாம் அரசாங்கத்துச் சொத்து. யாராவது 'இது என்னுது' என்றால் அவர்தான் பத்திரம் காட்டி நிரூபிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டைச் சுழற்சி முறையில் பயிரிட்டு, மாடு மேய்த்து, விறகு எடுத்த கிராமத்தானிடம் ஏது பத்திரம்? ஒரே கையெழுத்தில் மலைகள் கைமாறின. ஏக்கர் விலை ஆரம்பத்தில் சில ஷில்லிங்தான். வாங்கியவர்கள் யார்? சிவில் அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள், பாதிரிமார்கள்கூட! சட்டம் போட்ட பக்கமே சரக்கும் போனது.

காட்டை எப்படி அழித்தார்கள் என்பது தனிக் கலை. சரிவின் அடிவாரத்திலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்திவிடுவார்கள். விழாது. உச்சிக்கு வந்ததும் மேலே நிற்கும் பெரிய மரங்களை மட்டும் முழுசாக வெட்டித் தள்ளுவார்கள். அது கீழ் மரத்தின் மேல் விழ, அது அதற்குக் கீழே உள்ளதைச் சாய்க்க, மலைச்சரிவு மொத்தமும் சீட்டுக்கட்டு மாதிரி படபடவென்று சரியும். சில வாரம் காய விட்டுத் தீ வைப்பார்கள். தீ அணைந்ததும் காபிக் கன்று.

கோடரி வேலையைப் பெரும்பாலும் சிங்கள ஒப்பந்தக்காரர்கள் செய்தார்கள். எரிந்த பூமியைச் சுத்தம் செய்து, குழி வெட்டி, கன்று நட்டு, களை எடுத்து, பழம் பறித்து மூட்டை சுமந்தவர்கள்? நம் ஆட்கள்.

ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985-ல் உருவானது. அந்தக் காலத்தில் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவில், அருப்புக்கோட்டை மதுரை ஜில்லாவில். மழை பொய்த்தால் சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கங்காணி வருவார். பெரும்பாலும் சொந்தக்காரராகவோ அதே ஊர்க்காரராகவோ இருப்பார். 'கண்டிக்கு வாரியா? கையில காசு, வயித்துக்கு அரிசி' என்பார். முன்பணம் வாங்கியாயிற்று என்றால் கணக்கு ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். டெபிட் பக்கத்தில் முதல் வரி விழுந்துவிட்டது. அது பல பேருக்கு அழியவே இல்லை.

நடந்தே ராமேஸ்வரக் கரைக்கு, அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு. அதற்கப்புறம் மறுபடி நடை. தண்ணீர் இல்லாத, ஆள் இல்லாத காட்டு வழியில் தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் நூறு மைலுக்கு மேல். மாத்தளைதான் வறண்ட பூமி முடிந்து மலை தொடங்கும் வாசல். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நக்கிள்ஸ்!

எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. காலரா, அம்மை, மலேரியா, பசி. விழுந்தவனை விட்டுவிட்டு நடப்பதைத் தவிர வழியில்லை. 1840-களில் வந்தவர்களில் நாலில் ஒருவர், எழுபதாயிரம் பேர் வரை செத்திருக்கக்கூடும் என்று 1849-ல் கணக்குச் சொன்னது கொழும்பு அப்சர்வர் பத்திரிகை. தோட்டத் துரைமார்களுக்கு எதிரான பத்திரிகை அல்ல அது. அவர்களே காசு கொடுத்து வாங்கிப் படித்த பத்திரிகை.

அந்த நேரத்தில் இலங்கை அரசாங்கத்தில் கவர்னருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் சர் ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட். ஆம், நம் ஓணானின் பெயரில் இருக்கும் துரை இவரேதான்.

அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட்காரர். பிறவிப் பெயர் ஜேம்ஸ் எமர்சன். பணக்கார டென்னென்ட் குடும்பத்தில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுப் பெயரையும் சேர்த்துக்கொண்டவர். எம்.பி.யாக இருந்தவர். 1845-ல் காலனிச் செயலாளராக இலங்கைக்கு வந்தார். நிதி, வணிகத்தில் புலி. அந்தத் தீவின் வரவு செலவு பற்றி ஓர் அறிக்கையே எழுதினார். 1847-ல் லண்டனில் காபி விலை சரிந்தது. கஜானா காலி. அடுத்த வருடம் வரிகள் வந்தன. துப்பாக்கிக்கு லைசென்ஸ், கடைக்கு வரி, நாய்க்கு வரி! போதாக்குறைக்கு, ஆண்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஆறு நாள் ரோடு போட வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும்.

1848 ஜூலையில் வெடித்தது கலகம். எங்கே? மாத்தளையில். ராணுவச் சட்டம், சுட்டுக்கொலை, சொத்துப் பறிமுதல் என்று அடக்கினார்கள். கலகத் தலைவர் புரன் அப்புவைக் கண்டியில் நிற்க வைத்துச் சுட்டார்கள். லண்டன் பார்லிமெண்ட்டில் விசாரணை நடந்தது. கவர்னர் டாரிங்டனின் பதவி போயிற்று. டென்னென்ட்டும் 1850-ல் இலங்கையை விட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு விஷயத்தில் அவரை மெச்ச வேண்டும். சும்மா இருக்கவில்லை. பார்த்தது, கேட்டது, படித்தது எல்லாவற்றையும் சேர்த்து 1859-ல் இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய வால்யூம் எழுதினார். இங்கிலாந்தில் பதிப்புக்கு மேல் பதிப்பு போனது. அதில் விலங்குகள் பற்றிய பகுதியை விரித்து 1861-ல் தனிப் புத்தகமே போட்டார். யானை, குரங்கு, பாம்பு, பட்டாம்பூச்சி எல்லாம் அதில் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்துக்காரர்களான ஆல்பர்ட் குந்தரும் கிரேயும் ஒரு புதிய ஓணானை அடையாளம் கண்டு, அதன் விவரத்தை அந்தப் புத்தகத்திலேயே சேர்த்தார்கள். மூக்கில் இலை உள்ள ஓணான். எழுதிய ஆசிரியருக்கு மரியாதையாக அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். எந்த மாத்தளைக்காரர்கள் அவருடைய வரியை எதிர்த்து எழுந்தார்களோ, அந்த மாத்தளைக்கு மேலே இருக்கும் மலையில் மட்டுமே வாழும் ஜீவன். அதற்கு அவர் பெயர். அந்த மலைக்கு நடந்து வந்து, வழியிலேயே விழுந்தவர்களுக்கோ ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது.

நான் காமர்ஸ் படித்தவன். எந்தக் கதையைக் கேட்டாலும் லாப நஷ்டக் கணக்கு எங்கே என்றுதான் மனசு தேடும். காபிக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் நிலத்தின் விலை உண்டு, கூலி உண்டு, மாட்டு வண்டி வாடகை உண்டு. எரித்த காட்டுக்கு ஏதாவது பற்று எழுதினார்களா? செத்த ஆளுக்கு? அந்த இரண்டு செலவும் கணக்கிலேயே ஏறவில்லை. அதனால்தான் லாபம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது!

அந்த லாபமாவது நிலைத்ததா? 1869-ல் காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் துரு மாதிரி ஒன்று தென்பட்டது. ஒரு பூஞ்சை. மலைக்கு மலை ஒரே பயிர் என்றால் நோய்க்குக் கொண்டாட்டம்தானே? முதலில் யாரும் மதிக்கவில்லை. 1870-களின் கடைசியில் காபி சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கரில் பரந்து கிடந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கெட்டது குடி! 1884-ல் காபித் தோட்டங்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷனே இழுத்து மூடப்பட்டது. ஒரு காளானைவிடச் சின்ன சமாசாரம், ஒரு வங்கியைச் சாய்த்துவிட்டது.

காபி போன இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரை என்ற தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கி வைத்திருந்தார். காபிக்கு சீசன் முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். நம் ஆட்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கிப்போனார்கள்.

இதற்கு நடுவில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், காட்டை இப்படியே மொட்டையடித்தால் மழையும் ஆறும் போய்விடும் என்று 1873-ல் எச்சரித்தார். 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொடக் கூடாது என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டது. இலங்கையில் இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் மேகக் காடுகள் பலவற்றுக்கு அந்தக் கோடுதான் காவல்.

நம் ஓணானின் ராசியைப் பாருங்கள். அது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே வாழும் பிராணி!

கோட்டுக்குக் கீழே தேயிலையோடு இன்னொரு பயிரும் ஏறியது. ஏலக்காய். விருதுநகர் வாசகர்களுக்கு ஏலக்காயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மல்லி, வத்தல், உளுந்தோடு ஏலக்காய் விலையும் விரல் நுனியில் வைத்திருக்கும் ஊர். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். அதனால் பெரிய மரங்களை விட்டுவிட்டு அடியில் உள்ள புதர், செடி, இளங்கன்றுகளை மட்டும் அரித்து எடுத்துவிட்டு நடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருக்கிற மாதிரி தெரியும். உள்ளே அடுத்த தலைமுறை மரம் ஒன்றுகூட இருக்காது. பறித்த காயை உலர்த்த அடுப்பு வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், விறகு அதே காட்டிலிருந்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏலத்தோட்ட நிழலில் இந்த ஓணான் காணப்படுகிறது. தேயிலைச் சரிவில் அதற்கு இடமில்லை. ஏலத்தோட்டத்தில் எப்படியோ ஒண்டிக்கொண்டது. ஆக, ஏலக்காய்க்காரனை முழு வில்லனாகவும் ஆக்க முடியவில்லை. மேல்மரம் நிற்கிறவரைக்கும் ஓணானும் நிற்கும். மரம் வயதாகி விழுந்தால் அந்த இடத்துக்கு வாரிசு இல்லை என்பதுதான் சிக்கல்.

மனிதர்கள் கதைக்கு வருவோம். 1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய பல லட்சம் மலையகத் தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஆட்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

ஓரிடத்தில் மட்டுமே வாழும் உயிருக்கு 'அகணிய உயிரி' என்று தமிழில் ஒரு சொல் உண்டு. இது இந்த மண்ணுக்கே சொந்தம், வேறு எங்கும் இல்லை என்று அர்த்தம். ஓணானுக்கு அந்தப் பட்டம் சந்தேகமில்லாமல் கிடைத்தது. அதே மலையில் பிறந்து, அதே மலையில் மண்ணான மனிதர்களுக்கு அது கிடைக்க எத்தனை பாடு! குடியுரிமைச் சிக்கல் முழுசாகத் தீர, 2003-ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

2000-ல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. ஹூக்கரின் கோட்டுக்குக் கீழே இருந்த காட்டுக்கும் ஒருவழியாகக் காவல் வந்தது. 2010-ல் யுனெஸ்கோ, இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டபோது அதில் நக்கிள்ஸும் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் காட்டோரக் கிராமங்களில் ஏலக்காயை நம்பிப் பிழைத்த ஏழைகளிடம் 'இனி உள்ளே வராதே' என்று சொல்லியாயிற்று. 1840-ல் பத்திரம் கேட்டார்கள், 2000-ல் பர்மிட் கேட்டார்கள். இரண்டு தடவையும் மலையடிவாரத்து ஆள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். முதல் தடவை காட்டை எரிப்பதற்காக, இரண்டாவது தடவை காப்பதற்காக. அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிய வித்தியாசம். அவன் வீட்டு அடுப்புக்கு அது தெரியாது என்பதும் நிஜம்.

காடு பத்திரமானதும் ஓணானுக்கு அடுத்த கண்டம் சூட்கேஸ் வடிவத்தில் வந்தது. ஐரோப்பாவில் விசித்திரப் பல்லி, ஓணான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. யாரிடமும் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும் என்ற பெருமைக்கு விலை அதிகம். 'உலகத்தில் ஒரே மலையில்தான் இருக்கிறது' என்ற வாசகம் நமக்கு எச்சரிக்கை. வியாபாரிக்கு அதுதான் விளம்பரம்! இலங்கையிலிருந்து இவற்றை வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். ஆனாலும் இலங்கையின் கொம்பு ஓணான்கள் ஐரோப்பியச் சந்தையில் நூற்றுக்கணக்கான யூரோ விலைக்குப் போயின. ஏனென்றால் இலங்கையில் திருடியதை ஜெர்மனியில் விற்றால் கேட்பதற்குச் சர்வதேசச் சட்டம் எதுவும் அப்போது இல்லை.

அருகிவரும் உயிர்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்த நாடுகளின் மாநாடு 2019 மே மாதம் கொழும்பிலேயே நடப்பதாக இருந்தது. ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பால் கொழும்பு ரத்தத்தில் நனைய, மாநாடு ஆகஸ்டில் ஜெனிவாவுக்கு மாறியது. இலங்கை விடவில்லை, அங்கே போய்த் தன் ஓணான்களுக்காக வாதாடியது. டென்னென்ட்டின் ஓணான் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டிலிருந்து பிடித்துச் சர்வதேசச் சந்தையில் விற்க அடியோடு தடை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

ஒரு பிராணி பல இடங்களில் இருந்தால், ஒரு ஊரில் அழிந்தாலும் இன்னொரு ஊரிலிருந்து கணக்கை நேர்செய்யலாம். ஒரே மலையில் இருக்கும் பிராணிக்கு அந்தக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான். கார்பன் காப்பி கிடையாது. 1840-களில் தீ வைத்த மலைச்சரிவுகளில், ஒவ்வொரு சரிவுக்கும் ஒன்று என்று இப்படி எத்தனை புத்தகம் எரிந்ததோ? மூக்கில் இலையோடு ஒன்று தப்பியதால் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஒரு துரையின் கண்ணில், அவர் புத்தகத்தில் பட்டதால்.

'சரி சார், அது இலங்கை, நமக்கென்ன?' என்று காலண்டரைத் திரும்ப மாட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சிவகாசியில் மொட்டை மாடியேறி மேற்கே பாருங்கள். நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். ராஜபாளையத்துக்கு மேலே, அந்த மலையில் கோட்டமலை எஸ்டேட் என்று ஓர் இடம். அங்கே பாறையிடுக்கில் வாழும் ஒரு குட்டிப் பல்லியை 2023-ல் புதிய இனம் என்று அறிவித்தார்கள். பெயர் க்னேமாஸ்பிஸ் ரஷீடி. கீழே நம் கரிசலும் வெயிலும். மேலே ஈரமும் மேகமும். சுற்றிலும் வறட்சி சூழ்ந்த அந்த மலையும் ஒரு தீவுதான். கடலுக்குப் பதிலாகக் கந்தக பூமி. அணிலுக்காகத் தொடங்கிய சரணாலயம் 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகியிருப்பது கொஞ்சம் தெம்பு தருகிறது.

கோட்டமலையில் பாறை இருக்கிறவரை, அதன் மேல் நிழல் இருக்கிறவரை அந்தப் பல்லி இருக்கும். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களான உங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு பல்லி நம் மலையில் இருப்பது இதுவரை தெரியும்? தெரியாத ஒன்றை யாரும் காப்பாற்றியதாகச் சரித்திரம் இல்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடுத்த கோடை விடுமுறையில் அந்தச் சுருக்குக் கண்ணிக் குச்சி கொஞ்சமாவது தயங்கட்டும்.